புதிய பலகையும் பழைய ஏடுகளும்

பலகை என்னும் சொல்லுக்கு நாம் கற்ற இரு மொழிகளிலும் தனிப் பெருமை உண்டு. தமிழில் சங்கப் பலகையின் கதையை அறியாதார் இலர். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் மிதந்த அப்பலகை, தகுதியுடைய புலவர்க்கு மட்டுமே இடம் தந்து விரிந்தது என்று மரபு கூறும். அரபியில் பலகைக்கு 'லவ்ஹு' என்று பெயர். 'அல்வாஹ்' என்பது அதன் பன்மை. மூஸா நபி (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட பலகைகளைத் திருமறை இப்பன்மைச் சொல்லாலேயே குறிக்கிறது. மொரித்தானியா, சூடான் முதலிய நாடுகளில் இன்றும் சிறுவர்கள் மரப்பலகையில் மையால் எழுதி ஓதி மனனம் செய்து, மனத்தில் பதிந்தபின் அதைக் கழுவி மறுபாடம் எழுதுகின்றனர். நம் ஊர்களில் நம் தலைமுறையினர் கையில் இருந்தது சிலேட்டுப் பலகை. எச்சிலால் அழிக்காதே என்று உஸ்தாது கண்டித்ததும், அவர் திரும்பியவுடன் நாம் அழித்ததும் இவ்விதழைப் படிக்கும் பலருக்கும் நினைவிருக்கும்.

அந்த வரிசையில் இப்பொழுது ஒரு புதிய பலகை வந்து சேர்ந்திருக்கிறது. தமிழறிஞர்கள் இதைப் பலகைக் கணினி என்றும் கைக்கணினி என்றும் பலவாறாக அழைக்கின்றனர். கடைத்தெருவில் 'டேப்' என்றால்தான் எடுத்துத் தருகிறார்கள். அரபு நாட்டார் இதற்கு 'ஜிஹாஸ் லவ்ஹீ', அதாவது பலகைக் கருவி, என்று பெயரிட்டிருக்கின்றனர். இப்பெயரை எண்ணுந்தோறும் நமக்கு ஓர் உவகை உண்டாகிறது. ஏனெனில், 'லவ்ஹு' என்ற சொல்லின் அதே மூலத்திலிருந்துதான் 'லாஹ' என்ற வினையும் பிறக்கிறது. மின்னியது, ஒளிர்ந்து தோன்றியது என்பது அதன் பொருள். மரப்பலகைக்கும் கற்பலகைக்கும் ஒளிர்தல் என்ற பொருள் பொருந்தவில்லை; இந்தக் கண்ணாடிப் பலகையில்தான் ஒரு மூலத்தின் இரு பொருளும் ஒன்றுகூடி நிற்கின்றன.

இக்கருவியின் எண்ணம் மிகப் புதியதன்று. 1972ஆம் ஆண்டிலேயே ஆலன் கே என்ற அமெரிக்க அறிஞர், சிறுவர்கள் கையில் எடுத்துச் செல்லத்தக்க, புத்தகம் போன்ற கணினி ஒன்றைக் கட்டுரையில் வரைந்து காட்டினார். அன்றைய தொழில்நுட்பம் அதைச் செய்து தரும் நிலையில் இல்லை. இடையில் பல நிறுவனங்கள் பலவாறு முயன்றன. 2010இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வெளிவந்த பிறகே இவ்வகைக் கருவி உலகெங்கும் பரவிற்று. மறு ஆண்டே, 2011இல், இந்திய அரசு மாணவர்களுக்கென 'ஆகாஷ்' என்ற மலிவான பலகையை அறிமுகம் செய்தது. உலகம் இதைக் கையிலெடுத்து ஆண்டுகள் பல கடந்த பின்னரே நாம் எடுத்திருக்கிறோம். எடுக்க வைத்தது ஆர்வமன்று; கண்.

நமக்கு இப்பொழுது 56 வயது. நாற்பதைத் தாண்டியவர்க்குக் கண்ணினுள் இருக்கும் வில்லை மெல்ல மெல்ல இறுகி, அருகிலுள்ளதைத் தெளிவாகக் காட்டும் ஆற்றலை இழக்கிறது. இதனை நம் முன்னோர் 'வெள்ளெழுத்து' என்று அழகாகச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடியால் அச்செழுத்தை ஒருவாறு படித்துவிடலாம். ஆனால் மதரஸாவின் கிதாபுகளை அறிந்தவர்க்கு நம் இடர் விளங்கும். கல்லச்சில் வந்த பழைய பதிப்புகளில் மூலம் பக்கத்தின் நடுவே இருக்கும். அதைச் சுற்றி நாற்புறமும் 'ஹாஷியா' என்னும் விளக்கக் குறிப்பு எறும்புச் சாரைபோல் ஓடும். சில இடங்களில் நேராக, சில இடங்களில் சாய்வாக, சில இடங்களில் தலைகீழாகவும் ஓடும். மூல வரிகளுக்கிடையில் அதனினும் சிறிய எழுத்தில் வேறு குறிப்புகள் புகுந்திருக்கும். இளமையில் அவ்வெழுத்துகள் நமக்கு விருந்தாயிருந்தன. சென்ற சில ஆண்டுகளாகவோ, கண்ணாடியை மாற்றியும், கையில் உருப்பெருக்கியை ஏந்தியும், ஒரு பக்கத்தைக் கடப்பதற்குள் தலைவலி வந்துவிடும். மூலத்தை நினைவிலிருந்து நடத்திவிடலாம். மாணவர் ஐயம் கேட்கும்போது ஹாஷியாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்க இயலாதவர் எத்தனை நாள் பாடம் நடத்தலாம் என்ற கேள்வி இரவில் நம்மை உறங்கவிடவில்லை. மேல்வகுப்புப் பாடங்களை இளைய உஸ்தாதிடம் ஒப்படைத்துவிடலாமா என்று நிர்வாகத்தாரிடம் சொல்லும் நிலைக்கும் வந்துவிட்டோம்.

அந்த வேளையில் நம் இளைய மகள் ஒரு யோசனை சொன்னாள். சென்ற ஷவ்வாலில் பாடங்கள் தொடங்குமுன் ஏறத்தாழ 18,000 ரூபாய் கொடுத்துப் பலகை ஒன்றை வாங்கினோம். நம் நிலையில் அது சிறு தொகையன்று. அரைக் கிலோ எடை; ஒரு சிலேட்டின் அகலம். அதில் முதன்முதலாக நாம் திறந்தது ஃபத்ஹுல் முஈனின் ஒரு பழைய பதிப்பு. அச்சுப் பக்கங்களைப் படமாக எடுத்துச் சேர்த்த படி. இரு விரல்களைத் திரையில் வைத்து விரித்தால் எழுத்து பெருகும் என்று மகள் காட்டித் தந்தாள். விரித்தோம். ஓரத்தில் கடுகுபோல் கிடந்த ஹாஷியா, சுவரில் எழுதிய எழுத்துப்போல் எழுந்து நின்றது. பலகையைத் திருப்பினால் படமும் திரும்பியது. ஆகவே சாய்வாக ஓடிய வரியும் நேராயிற்று. ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. அன்று அஸருக்குப் பின் உட்கார்ந்தவர்கள் மஃரிபு பாங்கு வரையில் தலைவலியின்றிப் படித்தோம். அல்ஹம்துலில்லாஹ்! மேல்வகுப்பை விட்டுவிடும் பேச்சை அதன்பின் நாம் எடுக்கவில்லை.

பழகும்போது வேடிக்கைகளும் நேர்ந்தன. மக்தபில் எழுத்துக்களைச் சுட்டிக் காட்டச் சிறு குச்சியொன்றைக் கையில் வைத்திருப்பது நம் வழக்கம். அதனால் திரையைத் தொட்டால் பலகை அசைவதேயில்லை. காரணத்தை விசாரித்தபோது அறிந்தது இது: திரைக் கண்ணாடியின் அடியில், கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்தும் மெல்லிய படலம் ஒன்று கட்டங்களாக அமைந்திருக்கிறது. அதில் மிகச் சிறிய மின்புலம் நிலவுகிறது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவது. ஆகவே விரல் பட்ட இடத்தில் அப்புலம் சிறிது மாறுகிறது. எந்தக் கட்டத்தில் மாறிற்று என்று கருவி கணக்கிட்டு, அங்கே தொட்டதாக அறிந்துகொள்கிறது. உலர்ந்த குச்சி மின்சாரத்தைக் கடத்தாது. எனவே பலகைக்கு அது இல்லாத பொருளே. வுளூச் செய்த ஈரக் கையோடு தொட்டபோதோ வேறு கூத்து நிகழ்ந்தது. நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், பல இடங்களில் தொட்டதாக எண்ணிப் பக்கங்கள் தாமே புரண்டோடின. இப்போது பலகையின் அருகில் ஒரு சிறு துவாலை நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது. திரையில் தோன்றும் திருமறை எழுத்துக்கு முஸ்ஹஃபின் சட்டம் முழுதும் பொருந்துமா என்பதில் இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் பேணுதலான வழியையே மேற்கொண்டோம், கையைத் துடைத்துக்கொண்டு.

எழுதத் தொடங்கியபோது இன்னொரு வேடிக்கை. தமிழ் இடமிருந்து வலமாகவும், அரபி வலமிருந்து இடமாகவும் செல்வன. தமிழ்க் கட்டுரையின் நடுவே ஓர் அரபுச் சொல்லை எழுதினால், எழுதும் இடத்தைக் காட்டும் சிறு கோடு வரியின் குறுக்கே தாவித் தாவிச் செல்கிறது. நம் கை பழகுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆயினும் அரபு எழுத்துகள் சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் கொள்ளும் வெவ்வேறு வடிவங்களைக் கருவி தானே அறிந்து மாற்றுவது கண்டு வியந்தோம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் அவ்வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு வார்த்து, அறைகள் நிறைந்த பெட்டிகளிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள்.

அச்சைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. உதுமானிய ஆட்சியில் இப்ராஹீம் முத்தஃபர்ரிகா என்பவர் 1727இல் அச்சகம் நிறுவ அனுமதி பெற்றார். சமய நூல்களை அச்சிடலாகாது என்பது நிபந்தனை. 1729இல் அவர் வெளியிட்ட முதல் நூல் ஓர் அகராதி. இமாம் ஜவ்ஹரீ தொகுத்த 'ஸிஹாஹ்' என்ற அரபு அகராதியின் துருக்கி மொழிபெயர்ப்பு. எகிப்தில் முஹம்மத் அலீ பாஷா நிறுவிய புலாக் அச்சகமும் 1822இல் தன் பணியை அகராதியோடுதான் தொடங்கிற்று; அது இத்தாலிய–அரபு அகராதி. புதிய கருவி கைக்கு வரும்பொழுதெல்லாம் முதலில் சொற்களையே தேடியிருக்கிறது மனித உள்ளம். நாமும் ஃபத்ஹுல் முஈனுக்கு அடுத்தபடியாகப் பலகையில் சேர்த்துக்கொண்டது அகராதியைத்தான்: இப்னு மன்ளூர் ஹிஜ்ரி 689இல், அதாவது 1290இல், முடித்த 'லிஸானுல் அரப்'. ஐந்து பழைய நூல்களைத் திரட்டி அவர் அதைத் தொகுத்தார். அவ்வைந்தில் ஒன்று மேற்சொன்ன ஸிஹாஹ்.

லிஸானுல் அரபை நூல் வடிவில் பார்த்தவர்க்குத் தெரியும்: அது ஓர் அலமாரித் தட்டை நிரப்பும். புலாக் பதிப்பு 20 தொகுதிகள். அதில் ஒரு சொல்லைத் தேடுவதற்கென ஒரு முறை உண்டு. சொல்லின் மூல எழுத்துகளில் கடைசி எழுத்து எதுவோ, அதுவே அதிகாரம். முதல் எழுத்து எதுவோ, அதுவே பிரிவு. 'லவ்ஹு' என்ற சொல்லைப் பார்க்க வேண்டுமாயின் 'ஹா' அதிகாரத்தில் 'லாம்' பிரிவுக்குச் செல்ல வேண்டும். செய்யுளுக்கு இயைபு தேடும் புலவர்க்கு இம்முறை பேருதவி. தொகுதியை இறக்கி, தூசி தட்டி, பக்கம் புரட்டிச் சொல்லைக் கண்டடைய நமக்குச் சில நிமிடங்கள் ஆகும். பலகையிலோ மூன்று எழுத்தைத் தட்டியதும் கண்ணிமைப்பதற்குள் வந்து நிற்கிறது.

தமிழுக்கும் அவ்வாறே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரையில் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இன்று பலகையில் கிடைக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே உமறுப் புலவரின் சீறாப்புராணமும் கிடைக்கிறது. 5027 பாடல்கள்! ஏடுகளில் சிதறிக் கிடந்த அக்காப்பியத்தைத் தேடித் திரட்டி 1842இல் முதன்முதல் அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர். அவர் பட்ட பாட்டையும், இன்று ஒரு சொல்லைத் தட்டினால் அச்சொல் பயிலும் பாடல்கள் அனைத்தும் வரிசையில் வந்து நிற்பதையும் ஒருசேர எண்ணினால் உள்ளம் நெகிழ்கிறது.

இத்தனை நூல்கள் இச்சிறு பலகையில் எவ்வாறு அடங்குகின்றன என்று நாமும் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் 2000 எழுத்துக்குறிகள் எனக் கொள்வோம். தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் சேமிக்கப் பொதுவாக மூன்று பைட்டுகள் ஆகும். ஆகவே 300 பக்க நூல் ஒன்றுக்கு 18 இலட்சம் பைட்டுகள். நம் பலகையின் கொள்ளளவு 64 கிகா பைட்டு. கருவி தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டது போக எஞ்சும் இடத்தில் 20,000 நூல்களுக்குக் குறையாமல் அடங்கும். பக்கங்களைப் படமாகச் சேர்த்தால் இக்கணக்கு பன்மடங்கு சுருங்கும் என்பது வேறு செய்தி.

ஆனால் நூல் அடங்குவது வேறு. அறிவு அடங்குவது வேறு. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் பாடத்தின் நடுவே கேட்டார்: "ஹழ்ரத், தட்டினால் எல்லாம் கிடைக்கிறதே, இனி ஸர்ஃபு வாய்பாடுகளை ஏன் மனனம் செய்ய வேண்டும்?" கேட்டவர் சோம்பேறி அல்லர், நேர்மையான ஐயம். பலகையை அவர் கையிலேயே கொடுத்தோம். "காத்தருள்" என்று ஏவும் சொல் அரபியில் ஒரே எழுத்து: 'கி'. தனியொரு காஃப் எழுத்துக்குக் கீழே ஒரு கஸர், அவ்வளவே. அதைத் தட்டித் தேடச் சொன்னோம். அந்நூலில் காஃப் வரும் இடமெல்லாம், ஆயிரக்கணக்கில், திரையில் வந்து குவிந்தன. மாணவர் விழித்தார். பிறகு கரும்பலகையில் எழுதிக் காட்டினோம்: மூல எழுத்துகள் வாவ், காஃப், யா. ஏவலாகும்போது முதலில் உள்ள வாவ் விழுகிறது. கடையில் உள்ள யா விழுகிறது. நடுவெழுத்து மட்டும் எஞ்சுகிறது. விழுந்த இரண்டும் எவை என்று அறிந்தவனே சரியான இடத்தில் தேடுவான். இருப்பதைத்தான் கருவி தேடித் தரும்; விழுந்துபோனதை அறிந்து தேடுவது கற்றவன் வேலை. அவ்வகுப்பில் அன்றைய வாய்பாட்டை யாரும் தட்டிக் கழிக்கவில்லை.

நம்மிடமும் ஒரு மாற்றத்தைக் கண்டு எச்சரிக்கை கொண்டோம். முன்பு ஒரு சொல்லுக்காகத் தொகுதியைப் புரட்டும்போது, வழியில் நான்கு சொற்கள் கண்ணில் படும். தேடிப் போனது ஒன்று, தேடாமல் பெற்றது நான்கு. பலகையோ நேரே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. வழியில் ஊர்களே இல்லாத பயணம். அன்றியும், எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்ற துணிவில், கண்ட பொருளை நெஞ்சில் நிறுத்த மனம் முயல்வதில்லை. எனவே ஒரு வழக்கத்தை வகுத்துக்கொண்டோம். பலகையில் பார்த்த சொல்லை மூடிய பின் ஒருமுறை நினைவிலிருந்து தாளில் எழுதுவது. எழுத வரவில்லையாயின் அதைக் கற்றதாகக் கணக்கில் கொள்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகையில் நூல்கள் இரு வகையாக வருகின்றன. ஒன்று, அச்சுப் பக்கத்தின் படம். இதில் பழைய பதிப்பு உள்ளது உள்ளவாறே இருக்கும். மற்றொன்று, எழுத்துகளைப் புதிதாகத் தட்டச்சிட்டோ, படத்திலிருந்து கருவியே எழுத்தை அறிந்தோ உருவாக்கிய படி. இதில்தான் சொல் தேட முடியும், இதில்தான் பிழையும் புகும். அரபியில் ஒரு புள்ளி இடம் மாறினால் பொருளே மாறிவிடும். 'நஸ்ரு' என்றால் உதவி. 'பஸர்' என்றால் பார்வை. முதலெழுத்தின் புள்ளி மேலே இருந்தால் முன்னது, கீழே இருந்தால் பின்னது. மற்ற எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. இத்தகைய புள்ளிப் பிழைக்கு நம் முன்னோர் 'தஸ்ஹீஃப்' என்று பெயரிட்டு, அதைக் களைவதற்கென்றே தனி நூல்கள் இயற்றினர். தமிழிலும் ளகர ழகரங்கள் மாறிய தட்டச்சுப் படிகளை நாள்தோறும் காண்கிறோம். ஆகவே தேடுவதற்குத் தட்டச்சுப் படி, பாடம் சொல்வதற்கும் மேற்கோள் காட்டுவதற்கும் அச்சுப் படம் என்று பிரித்துக்கொண்டோம். இளைஞர்களும் இவ்வழியைக் கைக்கொண்டால் பல வீண் விவாதங்கள் குறையும்.

இனி, இப்பலகை வந்த பின் நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம்.

நம் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். தமிழ் எழுத்தில் தம் பெயரை மட்டும் எழுதுவார். எனினும் அவரைக் கல்லாதவர் என்று யாரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். அவர் அரபுத் தமிழில் தேர்ந்தவர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையே அக்காலத்தில் நம் பெண்மணிகளின் கல்விக் கூடமாக விளங்கிற்று. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்களின் ஃபத்ஹுத் தய்யான் என்ற நூலைத் தம் பாட்டியாரிடம் ஓதி, அதிலிருந்தே மார்க்கச் சட்டங்களை அறிந்தவர் அவர். அந்நூலின் பழைய படியொன்று அவருடைய தகரப் பெட்டியில் இருக்கிறது. தாள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிரும். கண் மங்கிய பின் அவர் அதைத் திறப்பதே இல்லை. பெட்டியைத் துடைக்கும்போது எடுத்து முத்தமிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மகளும் நாமும் அந்நூலை மெல்ல விரித்து, சாளரத்து வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பலகையாலேயே படம் எடுத்தோம். முடிக்க நான்கு நாட்கள் ஆயின. ஒரு பக்கத்தைப் பெரிதாக்கித் தாயாரின் மடியில் வைத்தோம். சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை எழுத்தின்மேல் வைத்து வாய்விட்டு ஓதத் தொடங்கினார். விரல் பட்டுப் பக்கம் நகர்ந்துவிட, "ஏன் வாப்பா, இது நிக்க மாட்டேங்குதே" என்று குறைப்பட்டார். அன்றியும் ஓதலை நிறுத்தவில்லை. பல ஆண்டுகளாக நாம் அவ்வீட்டில் கேளாதிருந்த குரல் அது. ஓதி முடித்துப் பலகையைத் திருப்பித் தரும்போது கேட்டார்: "இதை அணைச்சுட்டா எழுத்தெல்லாம் எங்க வாப்பா போவும்?"

பைட்டுகளைப் பற்றி அறிந்த நமக்கு அக்கேள்விக்கு விடை சொல்வது எளிது என்றே தோன்றும். ஆயினும் நாம் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஏனெனில் அவர் கேட்டது கருவியைப் பற்றி மட்டுமன்று என்று பட்டது. அவர் தலைமுறையோடு அரபுத் தமிழை ஓதுவோர் தொகை அருகி வருகிறது. நம் மகள் அரபி படிப்பாள், தமிழ் படிப்பாள். பாட்டியார் ஓதியதை அவளால் எழுத்துக்கூட்டியே ஓத இயன்றது. விளக்கு அணைந்தால் அவ்வெழுத்துகள் எங்கே போகும்?

அன்றிரவே பலகையில் அரபுத் தமிழை எழுத முடியுமா என்று பார்த்தோம். விசைப்பலகைப் பட்டியலில் அரபி இருந்தது, உருது இருந்தது, தமிழ் இருந்தது. அரபுத் தமிழ் இல்லை. பகரத்துக்கு ஃபாவின் கீழ்ப் புள்ளி, றகரத்துக்கு ராவின் கீழ்ப் புள்ளி என்று நம் முன்னோர் நுணுக்கமாகப் படைத்த எழுத்துகளை அவ்விசைகளில் காணோம். ஆனால் மேலும் விசாரித்ததில் ஓர் ஆறுதல் கிட்டிற்று. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு என்னும் அமைப்பு, அரபு எழுத்து வரிசையில் இத்தகைய எழுத்துகளுக்கும் இடம் தந்திருக்கிறது. அய்ன் எழுத்தின் கீழ் மூன்று புள்ளி இட்டதும், காஃப் எழுத்தின் கீழ் ஒரு புள்ளி இட்டதும் அரபுத் தமிழுக்காகவே 2015இல் சேர்க்கப்பட்டன. ஆகவே இருக்கை போடப்பட்டுவிட்டது. அமர்வதற்கு ஆள் வேண்டும். விசைப்பலகை அமைக்கவும், அழகிய எழுத்துரு வரையவும், நூல்களைத் தட்டச்சிடவும் கணினி கற்ற நம் இளைஞர்கள் முன்வந்தால், சங்கப் பலகையைப்போல் இப்பலகையும் நமக்கு இடம் தந்து விரியும்.

அதுவரையில் காத்திருக்க இயலாத பணி ஒன்று உண்டு. இதனை வாசகக் குடும்பத்தார் ஒவ்வொருவரிடமும் உரிமையோடு வேண்டிக்கொள்கிறோம். உங்கள் வீட்டுப் பரணிலோ, பாட்டியாரின் பெட்டியிலோ, பள்ளிவாசல் அலமாரியிலோ அரபுத் தமிழ் நூலொன்று, மாலையொன்று, கையெழுத்துக் கணக்கேடொன்று இருக்கக் கூடும். அவற்றில் பல அச்சில் மறுபடியும் வாராதவை. கரையானும் ஈரமும் ஓய்வெடுப்பதில்லை. பலகை இல்லையாயினும் கைப்பேசி இல்லாத இல்லம் இன்று அரிது. பக்கங்களைப் படம் எடுக்க அதுவே போதும். நேர் வெயில் படாமல், சாளரத்து வெளிச்சத்தில், நிழல் விழாமல், பக்கத்தின் நான்கு ஓரங்களும் தெரிய எடுங்கள். தலைப்புப் பக்கத்தையும், அச்சகப் பெயரும் ஆண்டும் உள்ள கடைசிப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எடுத்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். கருவியும் ஒரு நாள் பழுதாகும். மூல நூலைத் தூக்கி எறியாமல் உலர்ந்த துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

அதன்பின் இன்னும் ஒன்று. எடுத்த பக்கத்தைப் பெரிதாக்கி, அதை ஓதத் தெரிந்த முதியவர் மடியில் வையுங்கள். ஓதும் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் பிள்ளையை அவர் அருகில் அமர்த்தி, விரல் செல்லும் வழியைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் மகள் இப்போது மஃரிபுக்குப் பின் தினமும் அரைப் பக்கம் பாட்டியாரிடம் ஓதுகிறாள். ஃபத்ஹுத் தய்யானில் பதினோராம் பக்கத்தை எட்டியிருக்கிறாள்.